செடி உறிஞ்சிடும், அப்புறம்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு தேடுறீங்களா? "செடிகளைக் கொண்டு கன உலோகங்களை நீக்குதல்" உங்க லிஸ்ட்ல எப்படியும் இருக்கும். எடுங்க, நல்ல தலைப்புதான். கடைசி ஸ்லைடுல "இயற்கையே தீர்வு"ன்னு மட்டும் போட்டுடாதீங்க.

செடி உறிஞ்சுவது உண்மை. நிக்கல், காட்மியம் எல்லாம் பெரும்பாலான செடிகளுக்கு விஷம். சில செடிகள் மட்டும் அதை வேர் வழியாக இழுத்து, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் பூட்டி வைத்துவிடும். நியூ கலிடோனியா தீவில் ஒரு மரத்தின் பால் நீலப்பச்சையாக இருக்கும். அந்தப் பாலைக் காயவைத்தால் கிட்டத்தட்ட கால்வாசி நிக்கல்!

இப்போ கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழத்துக்கு மண் சுமார் 2,600 டன். கிலோவுக்கு 100 மில்லிகிராம் நிக்கல்னு வைங்க. மொத்தம் 260 கிலோ. வருஷத்துக்கு 10 டன் காய்ந்த செடி அறுக்கிறோம், அதில் 0.1 சதவீதம் நிக்கல். அதாவது 10 கிலோ. மண் சுத்தமாக 26 வருஷம்! சாதாரணச் செடி இதில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் 260 வருஷம்.

அறுத்த செடியை என்ன பண்றது? மாட்டுக்குப் போட்டால் உலோகம் மாட்டுக்குள்ள போகும். உரமாக்கினால் திரும்ப மண்ணுக்கே வரும். எரித்தாலும் சாம்பலில் நிற்கும். குளத்து ஆகாயத்தாமரையும் இப்படித்தான். வாரிக் கரையில் குவித்துவிட்டால், அது உறிஞ்சிய உலோகம் அங்கேயே மக்கி மழையில் மறுபடி குளத்துக்குள் இறங்கும். செடி உலோகத்தை அழிக்காது, இடம் மாற்றும். அவ்வளவுதான்.

எங்க தாராபுரத்தில் இருந்து வடக்கே காங்கேயம் தாண்டிப் போனால் ஒரத்துப்பாளையம் அணை. நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்தாங்க. திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கி, விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம்னு சொல்லும் நிலை வந்தது. அங்கே பெரிய பிரச்சினை உலோகத்தைவிட உப்பு. நிக்கல் உறிஞ்சும் செடியை நட்டு அந்த உப்பை என்ன செய்வீங்க? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வருகிற இடத்திலேயே நிறுத்தணும் என்பதுதான் அதன் அர்த்தம்.

"செடி பார்த்துக்கும்" என்ற பேச்சு கழிவு விடுறவங்களுக்கு ரொம்ப வசதி. அதற்கு நம்ம ப்ராஜெக்ட் துணை போகக்கூடாது. அதனால ரிவ்யூவில் மூணு கேள்விக்குப் பதில் வைங்க: எத்தனை வருஷம்? அறுத்தது எங்கே போகும்? புதுசா வருவது நின்றுவிட்டதா?