காதுக்குள் கேட்கும் குரல்

ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால், கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு, கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போங்க' என்பது ஒன்று. 'கிறுக்குப் பிடிச்சிருச்சு, பக்கத்துல போகாத' என்பது இன்னொன்று. அவருக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

தேனி மாவட்டத்துக்காரரான இயக்குநர் பாலா, 1999-ல் வந்த 'சேது'வில் பாண்டிமடத்தைக் காட்டினார். சங்கிலியோடு கிடந்த விக்ரமைப் பார்த்து ஊரே கண் கலங்கியது. அந்தச் சங்கிலியை நாம் பார்க்க முடிந்தது. மனசுக்குள் நடப்பதைப் பார்க்க நாவல்தான் வேண்டும்.

கும்பகோணத்து எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்' அப்படிப்பட்ட நாவல். 1993-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. நாயகன் மகாலிங்கம் குடும்பஸ்தர், முருக பக்தர். திடீரென்று அவர் காதுக்குள் குரல்கள் கேட்கின்றன. திட்டுகின்றன, ஆபாசமாகப் பேசுகின்றன, தூங்க விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கோ எதுவுமே கேட்பதில்லை. இதற்கு நடுவே வீட்டுக் கஷ்டத்தையும் அவர் சுமக்க வேண்டும். இது நோயா, தெய்வச் சோதனையா என்று நாவல் தீர்ப்புச் சொல்லவில்லை. வெங்கட்ராம் எழுதியது தான் பட்ட அவஸ்தையைத்தான். அதனால்தான் படிக்கிற யாருக்கும் மகாலிங்கத்தைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது.

இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ஃப் 1925-லேயே 'மிஸஸ் டாலவே' எழுதினார். அதில் வரும் செப்டிமஸ், முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவன். பறவைகள் கிரேக்க மொழியில் பாடுவதாக அவனுக்குக் கேட்கிறது. டாக்டரோ, 'உனக்கு ஒன்றுமில்லை, வேறு எதிலாவது மனசைத் திருப்பு' என்கிறார். கடைசிவரை அவன் பேச்சுக்கு அவர் காது கொடுக்கவில்லை. அவனைக் காப்பாற்றவும் முடியவில்லை.

நம் வீடுகளிலும் இதே அறிவுரைதான்: 'எல்லாம் மனப்பிரமை, விடு.' கேட்கிறவருக்கு அந்தக் குரல் நிஜம். அவரோடு வாதாட வேண்டாம், 'என்ன சொல்லுது? பயமா இருக்கா?' என்று கேளுங்கள். கோயிலுக்கு அழைத்துப் போகலாம், தப்பில்லை. அதோடு மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். பயந்தோ விரக்தியிலோ 'செத்துப் போகணும்' என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள், ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

தேனிக்காரர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனில் பேச, இலவச 'டெலி மானஸ்' எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம்.