கோவில்பட்டிக்குக் கடல் வருமா?

வட துருவத்தில் பனி உருகுகிறது. தென் துருவத்திலும் உருகுகிறது.

"உருகட்டுமே! கோவில்பட்டிக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கோவில்பட்டி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகத்துப் பனி முழுவதும் உருகினாலும் கடல் 65 மீட்டர் அளவுக்குத்தான் உயரும். அதற்கும் பல நூற்றாண்டுகள் ஆகும். எனவே, கடலை மிட்டாய்க்குப் பெயர் போன ஊர் கடலுக்குள் போய்விடாது.

ஆனால் அதோடு கதை முடியவில்லை.

கறுப்பும் வெள்ளையும்

சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் செருப்பு இல்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு மண் வெயிலைக் குடிக்கும். கால் கொப்பளித்துவிடும். சுண்ணாம்பு அடித்த மாடியில் அவ்வளவு சூடு இராது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

வட துருவக் கடலில் மிதக்கும் பனிதான் பூமியின் வெள்ளை மாடி. நிலக்கரிப் புகையாலும் பெட்ரோல் புகையாலும் பூமி சூடாகி, அந்தப் பனி கரைகிறது. அடியில் இருக்கும் கருநீலக் கடல் வெளியே தெரிகிறது. அது வெயிலைக் குடிக்கிறது. சூடு இன்னும் கூடுகிறது.

மிதக்கும் பனி கரைவதால் கடல் மட்டம் உயராது. சர்பத் தம்ளரில் ஐஸ் கரைந்தால் தம்ளர் வழிகிறதா? இல்லையே! கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் கிடக்கும் பனி, கடலில் வந்து சேருவதுதான் ஆபத்து. கடல் நீர் சூட்டில் விரிவதும் சேர்ந்துகொள்கிறது. 1900-ம் ஆண்டில் இருந்ததைவிட உலகக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்துவிட்டது.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் இரண்டு மூழ்கிவிட்டன. பவளப் பாறைகளை மனிதன் வெட்டி எடுத்தது ஒரு காரணம். கடல் உயர்ந்தது இன்னொரு காரணம்.

மார்கழிப் பெருமழை

கரிசல் காட்டுக்குக் கடல் வரும் வழி வேறு. அது மேகமாக வரும்!

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். அப்படிச் சுமந்ததை ஒரே நாளில் கொட்டிவிட்டால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் அதைப் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! கோவில்பட்டியில் ஏறக்குறைய 50 செ.மீ. அந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரி 65 செ.மீ.தான். கண்மாய்கள் உடைந்தன. கரிசல் மண் நீரைக் குடித்தால் ஊதி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சீக்கிரம் இறங்காது. புரட்டாசியில் விதைத்த பயிர்கள் தண்ணீரில் நின்று அழுகின.

அந்த ஒரு மழைக்குத் துருவப் பனிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பனி உருகுவதும் பெருமழை கூடுவதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாயின் பெயர் வெப்பம்.

கலுங்கு போதுமா?

கரிசல் சீமையின் கண்மாய்களும் கலுங்குகளும் பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டியவை. அந்தக் கணக்கு இப்போது பொய்த்துவிட்டது. தூர் வாருவது மட்டும் போதாது. ஒவ்வொரு கண்மாயின் கலுங்கும் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும் என்று அதிகாரிகள் புதிதாக அளந்து பார்க்க வேண்டும். அளந்ததை ஊர்ச் சாவடியில் எழுதிப் போட வேண்டும். ஓடையை மறித்து வீடு கட்டியவர் யாராக இருந்தாலும் சரி, வழி விடச் செய்ய வேண்டும். ஆடி மாதத்தில், கண்மாய் காய்ந்து கிடக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கலாம்.