99 ரூபாய் டொமைன் மலிவும் அல்ல, டிரான்ஸ்ஃபர் ஆபத்தும் அல்ல

களமசேரி கின்ஃப்ரா ஹைடெக் பூங்காவில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் பெரிய வளாகம் இருக்கிறது. அங்கே புதுத் தொழில் தொடங்கும் யாரும் முதல் வாரத்திலேயே ஒரு டொமைன் வாங்கிவிடுவார்கள். அப்போது காதில் விழும் புத்திமதி இரண்டு. முதல் வருஷத்துக்கு யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களிடம் வாங்கு. வாங்கின இடத்தை விட்டு நகராதே. நகர்த்தினால் சைட் விழும், மெயில் நிற்கும், காசும் இரண்டு தடவை போகும். கோவையிலும் மதுரையிலும் இதே பேச்சுதான். இரண்டுமே தப்பு. அதிலும் இரண்டாவதை நம்புகிறவர்கள் இருப்பதால்தான் முதலாவது வியாபாரமே ஓடுகிறது.

விலையிலிருந்து தொடங்குவோம். உலகத்தில் உள்ள எல்லா டாட் காம் பெயர்களுக்கும் பதிவேடு ஒன்றுதான். அதை வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். நாம் பணம் கட்டும் ரெஜிஸ்ட்ரார்கள் எல்லாம் அந்தப் பதிவேட்டில் நம் சார்பில் எழுதிக்கொடுக்கும் ஏஜென்ட்டுகள். ஒரு டாட் காமுக்கு ஒரு வருஷத்துக்கு அவர்கள் வெரிசைனுக்குக் கட்டும் தொகை 2021 செப்டம்பருக்கு முன்பு 7.85 டாலர். ஆண்டுக்கு 7 விழுக்காடுவரை ஏற்றலாம் என்ற அனுமதி கிடைத்த பிறகு நான்கு முறை ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்புக்குப் போகும் சில சென்ட்டையும் சேர்த்தால் ரூபாயில் தொள்ளாயிரத்தை ஒட்டி வரும். அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி.

ஆக, அடக்கமே தொள்ளாயிரம் உள்ள சரக்கை ஒருவர் 99 ரூபாய்க்குக் கொடுக்கிறார். மீதி எண்ணூறை அவர் தர்மமாகவா கொடுக்கிறார்? இரண்டாம் வருஷ ரினியூவலில் அது வட்டியோடு திரும்பி வரும். விளம்பரத்தில் 99 கொட்டை எழுத்தில் இருக்கும். ரினியூவல் விலை பொடி எழுத்தில் எங்கோ கீழே கிடக்கும். ஒரு டொமைனின் விலை என்பது ஐந்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்ற கணக்குதான். முதல் வருஷம் ஆயிரம் கேட்டுவிட்டு ஒவ்வொரு வருஷமும் அதே ஆயிரத்தில் நிற்கிறவர்தான் மலிவானவர். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2018லேயே அடக்க விலைக்கே டொமைன் கொடுப்பதாக அறிவித்தது. அங்கே முதல் வருஷச் சலுகை என்று எதுவும் கிடையாது.

பணம் கட்டும் பக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படித்தால் மிச்சக் கதையும் தெரியும். டொமைன் 99 ரூபாய். அடுத்த வரியில் பிரைவசி பாதுகாப்பு, அதற்கடுத்து எஸ்எஸ்எல் சான்றிதழ், அதன் கீழே மெயில்பாக்ஸ். சில தளங்களில் இவற்றில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். எஸ்எஸ்எல்லை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே தருகிறது. ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்த பிறகு டாட் காம் விவரங்களில் பெயரையும் முகவரியையும் பல ரெஜிஸ்ட்ரார்கள் தாங்களாகவே மறைத்துவிடுகிறார்கள். டாட் இன் பெயருக்கோ பினாமி பிரைவசி சேவையை, அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் நிக்சி அனுமதிப்பதே இல்லை. அதை உங்கள் தலையில் கட்ட யாராவது வந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கேட்காத பொருளைக் கூடையில் போடுவதையும் விலையைத் துண்டு துண்டாகக் காட்டுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

'இலவசமாகவே கிடைக்கும்போது ஏன் வாங்க வேண்டும்' என்று கேட்டவர்களும் உண்டு. டாட் டிகே போன்ற பெயர்களை இலவசமாகக் கொடுத்த ஃப்ரீனம் மீது 2023இல் மெட்டா வழக்குப் போட்டது. அந்த ஆண்டே புதுப் பதிவு நின்றது, அடுத்த ஆண்டு நிறுவனம் தொழிலை விட்டே விலகியது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

விலை கூடின ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கினால் சைட் வேகமாகத் திறக்கும், நம்பகமாகத் தெரியும் என்பது நேர் எதிர்த் திசையில் உள்ள மூடநம்பிக்கை. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே பதிவேட்டில் அதே வரிதான். நம்பகம் என்பது அந்தப் பெயரை வாங்க யாருக்கு அனுமதி என்பதில் இருக்கிறது. களமசேரியிலேயே உள்ள கொச்சி பல்கலைக்கழகத்தின் முகவரி ஏசி டாட் இன் என்று முடிகிறது. அதை எர்நெட் என்ற அரசு அமைப்பு மட்டுமே, கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்கும். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு மிளகாய்ப்பொடிக் கம்பெனிக்கு அந்த வாசல் கிடையாது. ஆகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கக்கூடிய கௌரவமும் கிடையாது.

இனி டிரான்ஸ்ஃபர் பயம். டொமைனை ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றும்போது பதிவேட்டில் மாறுவது ஏஜென்ட்டின் பெயர் மட்டும். டொமைனை சைட்டோடு இணைக்கும் நேம்சர்வர் அப்படியே நிற்கும். சைட் கிடக்கும் சர்வரை யாரும் தொடுவதில்லை. 2023இல் கூகுள் தன் டொமைன் வியாபாரத்தை ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றபோது சுமார் 1 கோடி டொமைன்கள் கை மாறின. நகர்த்தினாலே சைட் விழும் என்பது உண்மையானால் அப்போது அத்தனை சைட்டும் இருண்டிருக்க வேண்டும்.

இந்தப் பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ரெஜிஸ்ட்ராரின் இலவச நேம்சர்வரையே பயன்படுத்தி வந்திருந்தால், டொமைன் வெளியேறிய சில நாளில் அவர்கள் அந்தப் பதிவுகளை அழித்துவிடலாம். அப்போது மெயிலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் பதிவு போய் மெயில் திரும்பி வரும். பழி டிரான்ஸ்ஃபர் மேல் விழும். மருந்து சுலபம். முதல் நாள் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து ஏ, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி வரிகளை ஒன்றுவிடாமல் புதிய இடத்தில் எழுதுங்கள். நேம்சர்வரை மாற்றி இரண்டு நாள் ஓடவிட்டு, பிறகு டொமைனை நகர்த்துங்கள்.

காசு இரட்டிப்பாகும் என்பதும் இல்லை. டாட் காம் டிரான்ஸ்ஃபருக்குக் கட்டும் பணம் ஒரு வருஷ ரினியூவல் பணமேதான். மிச்சமிருக்கும் நாட்களோடு ஒரு வருஷம் கூடச் சேரும். 10 வருஷ உச்சவரம்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ஒன்று: காலாவதியான பிறகு பழைய இடத்தில் ரினியூவல் கட்டி, காலாவதித் தேதியிலிருந்து 45 நாளுக்குள் நகர்த்தினால் அந்த வருஷம் கணக்கிலிருந்து கழிந்துவிடலாம், பணத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். புதிதாகப் பதிந்த டொமைனையும், இப்போதுதான் நகர்த்திய டொமைனையும் 60 நாள் நகர்த்த முடியாது. காலாவதியாகி ரிடெம்ப்ஷன் என்ற 30 நாள் கட்டத்துக்குள் விழுந்துவிட்டாலோ மீட்பதற்கே ரினியூவலைப் போலப் பல மடங்கு கேட்பார்கள்.

கடைசியாக ஒரு வாதம்: 'சைட் பண்ணிக் கொடுத்த தம்பியே டொமைனையும் பார்த்துக்கொள்கிறான், நமக்கு எதற்குத் தலைவலி?' மட்டாஞ்சேரி மசாலாக் கடையிலிருந்து களமசேரி ஆப் கம்பெனிவரை இப்படித்தான் பேசுகிறார்கள். நான் கடுமையாக மறுப்பது இதைத்தான். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; பில் யார் கட்டினார் என்பதைப் பதிவேடு பார்ப்பதில்லை. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் தம்பியோடு சண்டை வந்தபின் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போக வேண்டும். டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் ஜெனீவாவின் வைபோ அமைப்பு வழியாகப் போனால் மனுக் கட்டணமே 1,500 டாலர். உறவு நன்றாக இருக்கும்போதே, அதே ரெஜிஸ்ட்ராரில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, டொமைனை அதற்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் இதற்குக் காசே கிடையாது.

இன்றைக்கே உங்கள் ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து பாருங்கள். உரிமையாளர் இடத்தில் யார் பெயர், நினைவூட்டல் யார் மெயிலுக்குப் போகிறது, அடுத்த ரினியூவல் எவ்வளவு. டாட் காமுக்கு அந்தத் தொகை ஆயிரத்து ஐநூறைத் தாண்டினால், காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோட் கேளுங்கள். ஐகான் விதிப்படி 5 நாளுக்குள் அவர்கள் அதைத் தந்தாக வேண்டும்.