அடுப்பிற்கு எது சிக்கனம்?

பலாபத்வலைப் பகுதியில், நுவரெலியாவைப் போல, வீட்டைச் சூடாக்க நெருப்பு வளர்க்க வேண்டிய தேவை இல்லை. இங்கு எரிபொருட் செலவு என்பது அடுப்பங்கரைச் செலவேயாகும். ஆயினும், பசளையின் விலையை விரல் நுனியில் வைத்திருக்கும் கமக்காரர் பலர் இச்செலவைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. விறகு சும்மா கிடைக்கின்றதென்பது அவர்களின் கூற்று. அதனைப் பொறுக்கிச் சுமந்து வரும் பெண்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

சமையல் எரிவாயு சுத்தமானது, விரைவானது. அதன் குறை விலையிலே தங்கியுள்ளது. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் சிலிண்டர், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. பணம் கையிலிருந்தும் சிலிண்டர் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. மண்ணெண்ணெயைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 2022 ஓகத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததோடு, ஏழையின் எரிபொருள் என்னும் பெயரை அது இழந்துவிட்டது.

விறகையும் எரிவாயுவையும் ஒப்பிட எளிய கணக்கொன்று உண்டு. ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை அனகி அடுப்பிற் செய்ய ஏறத்தாழ 100 கிலோகிராம் உலர்ந்த விறகு வேண்டும். மூன்று கல் அடுப்பாயின் 150 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். ஆகவே சிலிண்டரின் விலையை நூறால் வகுத்து வரும் தொகையைவிடக் குறைவாக ஒரு கிலோகிராம் விறகு கிடைக்குமாயின், அனகி அடுப்பில் விறகே மலிவு. அனகி, 1986 முதல் இந்நாட்டிற் பரவிய இருவாய்க் களிமண் அடுப்பு. அதனை வாங்கும் செலவு சில மாத விறகிலேயே மீண்டுவிடும். புகைபோக்கியும் அமைத்தால் கண்ணெரிச்சலும் இருமலும் குறையும். மருந்துச் செலவும் எரிபொருட் செலவின் ஒரு பகுதியே என்பதை மறத்தலாகாது.

கணக்கு ‘உலர்ந்த விறகு’ என்பதை அடிப்படையாகக் கொண்டது. புதிதாக வெட்டிய விறகின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குவதற்கே பெருமளவு வெப்பம் வீணாகின்றது. பிளந்து, கூரையின் கீழ் காற்றோட்டமாக அடுக்கி, சில மாதங்கள் உலரவிடுதல் வேண்டும். மழை தொடங்கிய பின் விறகு தேடுபவர் புகையையே வாங்குகின்றார்.

விறகிற்காக மலைச்சரிவை மொட்டையாக்குவதும் சிக்கனமன்று. சரிவில் மரம் போனால் மேல்மண் வயலுக்கும் வாய்க்காலுக்கும் இறங்கும். இதற்கு மாற்று வேலியிலேயே நிற்கின்றது. மாத்தளைத் தோட்டங்களில் மிளகுக்கொடி படர நடப்பட்ட கிளிரிசீடியாவை, 2005 இல் அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. தடியை நட்டாலே வேரூன்றும்; வெட்ட வெட்டத் துளிர்க்கும். கொப்பு அடுப்பிற்கு, தழைச்சத்து நிறைந்த இலை வயலுக்கு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, இந்த இலையின் அருமையை அறியாதிருந்தோரும் அறிந்தனர். வரப்பிலும் வேலியிலும் இதனை நட்டு வைத்திருக்கும் கமக்காரர், விறகைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

உமியும் நல்ல எரிபொருளே. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். அதற்கேற்ற அடுப்பு வேண்டும் என்பதே சங்கடம். வைக்கோலை மட்டும் எரித்தலாகாது. அதன் தழைச்சத்து புகையோடு போய்விடும். மண்ணுக்குரிய சேதனப் பொருளும் அழியும். அது வயலுக்கே திரும்ப வேண்டியது.

எவ்வழியிலும் எரிவாயுவை அறவே கைவிட வேண்டும் என்பது கருத்தன்று. விடியற்காலைத் தேநீருக்கும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அவசரச் சமையலுக்கும் அதனை வைத்துக்கொண்டு, சோறும் பருப்பும் அவித்தலும் விறகிலே செய்யும் வீட்டில் சிலிண்டர் இரட்டிப்பு நாள் வரும். அடுப்புச் சாம்பலை மரக்கறிப் பாத்திக்கு இடலாம். சாம்பரச்சத்து அதில் உண்டு. ஆனால் யூரியாவோடு கலந்து இடலாகாது. கலந்தால் தழைச்சத்து அமோனியா வாயுவாகிக் காற்றிற் கலந்துவிடும்.