வாரம் ஒரு ஊசி... வயிறு ஏன் புரட்டுது?

திருக்கனூர்ல பஸ் ஏறி பாண்டிச்சேரி காலேஜுக்கு வர்ற தோழி ஒருத்தி கேட்டா: ''அப்பாவுக்கு சுகருக்காக வாரம் ஒரு ஊசி. ஆரம்பிச்சதுல இருந்து ஒரே குமட்டல். நிறுத்திடலாமா?''

நீங்களா நிறுத்த வேணாம்மா! 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ மாதிரி ஊசிகள், குடல்ல சுரக்கிற ஹார்மோன்களைப் போலவே வேலை செய்யும். சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாத்தான் இறங்கும். பசி குறையும், கூடவே குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கலும் வரலாம். அதனால்தான் அந்த ஊசியை 2.5 மில்லிகிராமில் தொடங்கி, நாலு வாரம் கழிச்சு 5 ஆக்குறாங்க. உடம்பு பழகப் பழக தொல்லை பெரும்பாலும் குறைஞ்சிடும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடட்டும். பஜ்ஜி, பிரியாணிக்கு லீவு!

ரெண்டு விஷயத்துல மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. கடுமையான வயித்துவலி விடாம இருந்து முதுகு வரைக்கும் பரவினா, கணைய அழற்சியா இருக்கலாம். அடுத்த ஊசி போடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்சுலினோ, கிளிமிபிரைடு மாத்திரையோ சேர்ந்து எடுத்தா, சுகர் சட்டுனு இறங்கலாம். வியர்வை, நடுக்கம்னா உடனே குளுக்கோஸ் தண்ணி!

கேட்டா அப்பா, 'ஒண்ணுமில்லம்மா'ம்பார். நம்பாதே. என்னிக்கு ஊசி, என்னிக்கு வாந்தின்னு நோட்டுல குறிச்சு, டாக்டர்கிட்ட நீயே காட்டு.