பழி முடித்தவள் ஏறிய மலை

தீமையை அறிந்தே செய்தும் வாசகரின் இரக்கத்தை இழக்காமல் கதையின் நடுவே நிற்கும் பாத்திரத்தை ‘எதிர்நாயகன்’ என்று திறனாய்வாளர் குறிப்பிடுவர். ஆங்கில நாவல்களில் அவ்வகைப் பாத்திரங்களுள், 1847இல் வெளிவந்த எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ காட்டும் ஹீத்கிளிஃப் அளவுக்குப் பழியை ஆண்டுக்கணக்கில் அடைகாத்தவர் அரிது. லிவர்பூல் தெருவில் கண்டெடுக்கப்பட்டு, வளர்த்தவர் இறந்தபின் அவர் மகனால் வேலைக்காரனாகத் தாழ்த்தப்பட்டு, நேசித்த கேத்தரினையும் செல்வந்தன் ஒருவனிடம் இழந்த அவன், மூன்றாண்டு கழித்துப் பணத்தோடு திரும்புகிறான். சூதாட்டக் கடனுக்கு வீட்டை அடமானமாக எழுதி வாங்கியும், ஒரு பகைவனின் மகனைக் கல்வியின்றி வளர்த்தும், மற்றொருவனின் மகளைத் தன் மகனுக்கு வலுக்கட்டாயமாக மணமுடித்தும் இரண்டு தலைமுறைகளைச் சிதைக்கிறான். அவன் முறையிடுவதற்கு அந்நாவலில் மன்றம் எதுவும் இல்லை. சட்டம் அவன் கைக்கருவியாக மட்டுமே வருகிறது.

சிலப்பதிகாரத்துக் கண்ணகியின் பழி அத்தகையதன்று. பொற்கொல்லன் ஒருவன் செய்த களவுக்குப் பழி சுமத்தப்பட்டுக் கணவன் கோவலன் மதுரையில் கொல்லப்பட்டபோது, அவள் முதலில் நாடியது பாண்டியனின் அவையை. வாயிலோன் வழியாகத் தன் வரவை அறிவித்து, அரசியின் சிலம்பில் முத்தும் தன் சிலம்பில் மாணிக்கமும் இருப்பதை உடைத்துக் காட்டி, வழக்கை வென்ற பின்னரே மதுரை எரிகிறது. அப்போதும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடுமாறு தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். விலக்குப் பெறாத எளிய மக்கள் செய்த குற்றம் என்ன என்ற கேள்வி எஞ்சினாலும், சினத்தின் உச்சத்தில் எல்லை வகுத்த இம்மனம் ஹீத்கிளிஃபிடம் இல்லாதது.

பழி முடிந்த பிறகுதான் இருவரும் அருகருகே வருகின்றனர். பகைவரின் வீடுகளை முற்றாக அழிக்கும் தறுவாயில் ஹீத்கிளிஃபுக்குக் கை ஓங்கவும் மனமில்லாமல் போகிறது. கேத்தரினையே நினைத்து உணவை மறந்து இறக்கிறான். கண்ணகியோ கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்தெறிந்து, மேடு பள்ளம் பாராமல் வையைக் கரையைப் பற்றி மேற்கே நடந்து, மலையேறி வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்காம் நாள் வானுலகிலிருந்து கோவலன் வருகிறான்.

அந்த மலை கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூருக்கு மேலுள்ள வண்ணாத்திப்பாறையே என்பது தேனி மாவட்ட மக்களின் உறுதியான நம்பிக்கை. அங்குள்ள சிதைந்த மங்கலதேவி கோயிலை 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி கோயிலாக அடையாளம் கண்டார். தமிழ்நாடும் கேரளமும் உரிமை கோரும் அக்கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டுமே பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர்; பளியங்குடியிலிருந்து மலைப்பாதையில் நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் வருவோருள் பெண்கள், வளையலை உடைத்துவிட்டு வந்தவளின் சந்நிதியில் வளையலையும் மங்கல நாணையும் பிரசாதமாகப் பெறுகின்றனர். அவளது துயரத்தைத் தமக்குக் காப்பாக மாற்றிக்கொண்ட இவ்வழிபாட்டில், அவளது சினத்தை மட்டும் பேசும் மேடைப் பேச்சுகளில் காணாத ஆழம் இருக்கிறது.

அவளது பெயரால் நடந்த பெரும்பழி ஒன்றையும் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. பாண்டிநாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு நங்கைக்குச் சாந்தி செய்தான். ஒரு பொற்கொல்லன் செய்த களவுக்காக நடந்த இக்கொலையைக் கண்ணகி வேண்டியதாகக் காப்பியம் ஓரிடத்திலும் கூறவில்லை. அவள் வகுத்த எல்லையை மீறியது அரசு.