எண்ணி அடித்த பறை

"நம்ம தாளமே ஒரு அல்காரிதம்தான் பாஸ்."

ஹாஸ்கல் மொழியில் இசை எழுதுகிறேன் என்று எந்த நண்பரிடம் சொன்னாலும் இரண்டாவது நிமிடம் இந்த வரி வந்துவிடும். சொல்பவர் முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். அதோடு பேச்சும் முடிந்துவிடும். எனக்கு இந்த வரிமேல் கோபம். அது பொய் என்பதால் இல்லை. உண்மைதான். அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஒரு வேலையும் செய்யவில்லை என்பதால்.

ஆதி தாளம் 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனம் 32. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, நடுவே இரண்டு இடைவெளி விட்டு, கச்சிதமாகச் சமத்தில் வந்து விழ வேண்டும். சொற்கட்டு 10, இடைவெளி 1 என்றால் 30+2. சொற்கட்டு 8, இடைவெளி 4 என்றால் 24+8. இரண்டுமே 32. ஹாஸ்கலில் இது ஒரே வரி ஃபங்ஷன். சொற்கட்டையும் இடைவெளியையும் கொடுத்தால் தீர்மானம் வெளியே வரும். அந்தத் தீர்மானத்தையே சொற்கட்டாக இன்னொரு ஃபங்ஷனுக்குள் அனுப்பலாம். மிருதங்கக்காரர்கள் இதையெல்லாம் மனக்கணக்காகவே போடுகிறார்கள். ஆக, ஃபங்ஷனல் ப்ரோகிராமிங் நம் காதுக்குப் புதிதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

சரி, கருவியைச் செய்தது யார்?

1980களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் கிப்பன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் லக்னோவில் உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கானிடம் தபலா கற்றுக்கொண்டிருந்தார். அவரும் பெர்னார் பெல் என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து 'போல் ப்ராசஸர்' என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். தபலாவின் காயிதாவுக்கு இலக்கண விதிகள் எழுதி, கணினியைப் புதிய வரிசைகள் உருவாக்கவிட்டார்கள். முக்கியமானது அடுத்த படி. வந்த வரிசைகளைத் தபலா கலைஞர்களிடமே கொண்டுபோய், இது சரியா, தப்பா என்று கேட்டார்கள். தப்பென்றால் விதியைத் திருத்தினார்கள். பிற்பாடு அலெக்ஸ் மெக்லீன் ஹாஸ்கலில் உருவாக்கிய 'டைடல்சைக்கிள்ஸ்', தாளத்தை எழுதும் சுருக்கக் குறியீட்டுக்கு போல் ப்ராசஸரிடமிருந்து ஊக்கம் பெற்றது. இன்று நான் தட்டும் ஒவ்வொரு அடைப்புக்குறியிலும் லக்னோவின் வாசனை கொஞ்சம் உண்டு. சென்னையின் வாசனை இல்லை. இத்தனைக்கும் இன்ஜினியர்களுக்கு இங்கே பஞ்சமா?

நாம் செய்தது பெருமைப்படுவது மட்டும்தான். அந்தப் பெருமையும் சபாக்களின் வாசலோடு நின்றுவிடுகிறது. தாளக் கணக்கு என்றால் மிருதங்கம், கொன்னக்கோல். பறை என்றால் 'எனர்ஜி'. அவர்களுக்குக் கணிதம், இவர்களுக்கு ஆவேசம். இந்தப் பங்கீட்டை எந்தக் கணினியும் செய்யவில்லை. சாதி செய்தது.

நானும் யோக்கியன் இல்லை. பெரிய முதலியார்சாவடியில் ஆரோவில்லை ஒட்டி வாடகைக்கு இருக்கிறேன். ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சாவு ஊர்வலம் போனது. மாடியிலிருந்தே பறையைப் பதிவு செய்துகொண்டேன். இரவெல்லாம் உட்கார்ந்து அடிக்குச்சி எங்கே விழுகிறது, சிண்டுக்குச்சி எங்கே விழுகிறது என்று பிரித்து டைடலில் எழுதினேன். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் கேட்டால் பிணம்போல் கிடந்தது.

விசாரித்து, அடித்தவரைத் தேடிப் போனேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் "அண்ணே" என்றேன், அவர் "சார்" என்றார். லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

"எண்ணி எண்ணி அடிச்சிருக்கு சார். பாடை தூக்குறவன் காலைப் பாக்கவே இல்லியே. அவன் நடை தளர்ந்தா நான் தளரணும், அவன் எட்டிப் போட்டா நான் இழுத்துப் பிடிக்கணும்."

என் ஃபங்ஷனுக்கு ஓர் உள்ளீடு குறைந்திருக்கிறது. தூக்குபவரின் நடை! டைடல் ஒரு சுற்றைச் சம பங்காகப் பிரிக்கும். ஓர் அடியை முன்னே பின்னே தள்ளிவைக்கவும் அதில் வழி இருக்கிறது. எவ்வளவு தள்ளுவது என்பதுதான் அறிவு. அது அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

"டெக்னாலஜில எதுக்கு சாதிய இழுக்கற?" என்பார்கள். என் லேப்டாப்பில் மிருதங்க ஒலிகள் இருந்த ஃபோல்டருக்கு வாசித்தவர் பெயரை வைத்திருந்தேன். பறை ஒலிகளுக்கு நான் வைத்த பெயர் 'ஃபோக் 2'. நான் எங்கே இழுத்தேன், அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது.

சாவுக்கு அடிப்பது பலருக்குச் சாதி சுமத்திய கட்டாயம். அதை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்களைப் போல அதை மேடையில் தங்கள் ஆயுதமாக ஏந்தியவர்களும் உண்டு. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆகவே 'அழியும் கலையைக் காப்பாற்றுகிறோம்' என்று நாம் கிளம்ப வேண்டாம். கற்றுக்கொள்ளப் போவோம். கற்றுத் தருபவருக்குக் காசு, ஆக்கத்தில் பெயர், "தப்பு" என்று சொல்லும் அதிகாரம், மூன்றையும் கொடுத்துவிட்டுப் போவோம். லக்னோவில் நடந்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

அவர் சம்மதத்தோடு ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டேன். நடையை உள்ளீடாக வாங்கும் ஃபங்ஷன் ஒன்று எழுதியிருக்கிறேன். இன்னும் தப்பாகத்தான் வாசிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அவரிடம் போட்டுக் காட்ட வேண்டும்.